பில் அடிக்க எடுத்த லைப்ரரி

வேங்கிக்கால் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நண்பர்கள். லேப்டாப் பையை மடியில் வைத்திருந்தவர் சொன்னார்: "என் மானம் லைசென்ஸ்ல மாட்டிக்கிச்சுடா."

"என்னடா சொல்ற?"

"லாட்ஜ்காரருக்கு ரூம் புக்கிங் சாஃப்ட்வேர் செஞ்சு குடுத்தேன்ல? பில் அடிக்க மட்டும் நெட்ல சும்மா கெடச்ச லைப்ரரிய, யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் புரோகிராம, அதோட சேத்துட்டேன். அப்படிச் சேத்து ஒருத்தருக்குக் குடுத்தா, நான் வரி வரியா எழுதுன சோர்ஸ் கோடையும் அவருக்குத் தரணுமாம். இப்பதான் அந்த லைப்ரரியோட லைசென்ஸப் படிச்சேன்."

"அதக் கழட்டிட்டு நீயே ஒண்ணு எழுதேன்."

"எழுதத் தெரிஞ்சா அத ஏன்டா எடுக்கறேன்? அதுவுமில்லாம, ஏற்கெனவே குடுத்ததுக்குத் தந்தே ஆகணும். அவர் கேட்டுட்டாரு. பெங்களூர்ல இதே வேலை செய்யற மருமகன் நாளைக்கு வந்து பாக்கறாராம்."

"குடுத்துட்டுப் போ. அதுல என்ன பெரிய ரகசியம்?"

"ஒண்ணும் இல்லடா, அதான் பயம். கிரிவலக் கூட்டம் வர்ற பௌர்ணமிய அதுவே கணக்குப் போட்டு வாடகைய ஏத்தும்னு பீத்தி வெச்சிருக்கேன். உள்ள தொறந்தா, காலண்டரப் பாத்து நானே தேதி எல்லாம் டைப் பண்ணியிருக்கேன்."

"அப்ப அடுத்த வருஷம்?"

"அதுக்குத்தான்டா டிசம்பர்ல அப்டேட்னு சொல்லிப் போவேன். புது காலண்டரும் அவரே குடுப்பாரு."