அல்வாக்கடைச் சக்கை

பேட்டை பஸ்ஸில் மூடிய வாளியோடு ஏறிய பெண்ணிடம், பக்கத்திலிருந்த பெரியவர் அது என்னவென்று கேட்டார்.

“எங்க கோழிக்கு அல்வாக்கடைச் சாப்பாடு, அண்ணாச்சி.”

முன்சீட்டுகளில் நாலு தலை திரும்பியது.

“கோழி அல்வாவா திங்குது?”

“அல்வாவுக்குக் கோதுமைய ஆட்டிப் பால் எடுத்துட்டுச் சக்கையத் தூரப் போடுதாவ. அதக் காயவச்சுத் தவிட்டோட பிசைஞ்சு வைக்கேன். தீவனம் விக்கிற விலைக்குக் கோழியெல்லாம் வித்துரணும்னு எங்க வீட்டுக்காரர் ஒத்தக்கால்ல நின்னாவ. இப்ப பெட்டையெல்லாம் தவறாம முட்டை போடுது!”

“அவரு இப்ப என்ன சொல்லுதாரு?”

“என்ன சொல்ல? கடை லீவன்னைக்குச் சக்கை கெடைக்காது, வெறுந்தவிட்ட எங்க வீட்டுக்காரர் கையிலதான் குடுத்தனுப்புவேன். சக்கை எங்கன்னு, விக்கச் சொன்ன ஆளக் கோழியெல்லாம் சேந்து வாசல் வரைக்கும் வெரட்டுது!”