மூக்கில் மாட்டிய பல்

— பல்லையே பாக்காதக்கா. பல்லைச் சுத்திப் பாரு. சாம்பல் கலர்ல ஒரு பட்டை தெரியுதா?

— தெரியுதுடா. தாடைக் குருத்தெலும்பு. இது இன்னொரு மியூசியத்துல இருக்கிற மீன் ஃபாசில் கல்லுதானே?

— ஆமா, அவங்க எடுத்த ஸ்கேன். கல்லு வேற, மீனு நம்ம மீனேதான்.

— அப்போ அந்தச் சுருள் பல்லு கீழ்த்தாடை நடுவுல, வாய்க்குள்ள உக்காந்திருக்கு. நான் வரைஞ்ச படத்துல அதை மூக்கு நுனியில கொண்டுபோய் வெச்சிருக்கேன்.

— அதைப் பாத்துச் செஞ்சு ஹால்ல நிக்கிற நம்ம மீன் பொம்மையைப் பாத்துட்டு, பசங்க மூக்கைச் சுருட்டிச் சுருட்டிக் காட்டுதுங்க. அதுங்களுக்குப் பிடிச்சுத்தான் இருக்கு, விடுக்கா.

— சிரிக்காதடா. மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. வாயை மூடும்போது இந்தப் பல்லு பின்பக்கமா உருண்டிருக்கும். கணவாய் மீன் மாதிரி மெத்துன்னு எது மாட்டினாலும் அறுத்து, தொண்டைக்குள்ள தள்ளியிருக்கும். மேல்தாடையில பல்லே தேவையில்ல. அப்பேர்ப்பட்ட வாயை மூக்குத்தி மாதிரி வெளிய மாட்டிவிட்டு, புத்தகம் வேற எழுதினேன்.

— நம்ம கல்லுல பட்டையே இல்லையேக்கா. நீ என்ன பண்ணுவ?

— ஏன் இல்ல? கல்லைச் சுத்தம் பண்ணது நீதானே.

— இருந்துச்சு. பல்லைச் சுத்தி, காஞ்ச சேறு மாதிரி. நீ வரைஞ்ச படத்துல அந்த இடம் காலியா இருந்துச்சு. ஊசியால சுரண்டித் தள்ளிட்டேன்.

— யாரையும் கேக்காமலா?

— கேக்காமதான். காலையில மியூசியம் டைரக்டர் கூப்பிட்டாரு. அவர்கிட்டயும் அதையேதான் சொன்னேன்.

— அதுக்கு என்ன சொன்னாரு?

— இனிமே கல்லைத் தொடாதன்னாரு. நாளையிலேர்ந்து டிக்கெட் கவுன்டர். விடுக்கா, அங்க ஏசி இருக்கு.

— இந்த வேலையை விட்டா உனக்குச் சோறே இறங்காதேடா.

— பழகிக்குவேன். என் பேரு எந்தப் புத்தகத்துல இருக்கு, கெட்டுப்போறதுக்கு? உன் பேரு அப்படியா?

— சுரண்டட்டுமான்னு என்கிட்ட கேட்டியே, அது உனக்கு ஞாபகமே இல்லையா?

— நீ அன்னைக்கு மாநாட்டுக்குக் கிளம்பற அவசரத்துல இருந்த. காதுல விழுந்திருக்காது.

— விழுந்துச்சு. படத்துல இல்லாதது கல்லுல எப்படிடா இருக்கும், சுரண்டுன்னு சொன்னேன். அது உனக்கு ஞாபகம் இருந்தா, யார்கிட்டயும் சொல்லிடாதன்னு கெஞ்சத்தான் இப்போ படியிறங்கி வந்தேன்.