சாவிய நீங்களே வெச்சுக்கங்க

இல்ல சார், இந்தப் பெட்டிக்குப் பூட்டு மாட்டித் தர்றேன், நல்ல பூட்டாவே மாட்டித் தர்றேன். சாவிய மட்டும் நான் வெச்சுக்க மாட்டேன். அட, கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோட சாஞ்சு உக்காருங்க. முப்பது நாள் மொபைல்ல விளையாடக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கீங்க, நல்ல விஷயம்தான், நான் கேலி பண்ணல. தலைகீழா நின்னு கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொன்னீங்க, அது வரைக்கும் சரி. அப்புறம் செத்தாலும் குடுக்காதீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அந்த வார்த்தைதான் வேணாம். இந்தக் கடையில அந்த வார்த்தை வேணாம் சார்.

மொதல்ல பெட்டியக் காலி பண்ணுங்க. எல்லாத்தையும் எடுத்து இப்படி மேசை மேல வைங்க. மொபைல், சார்ஜர், சரி. அது என்ன, பழைய வாட்ச்சா? அதையும் எடுங்க. மூலையில கைய விட்டுத் தடவிப் பாருங்க. ஒண்ணுமில்லையா? இன்னொரு தடவ பாருங்க, என் திருப்திக்கு.

தீர்மானம் எடுக்கறதுல நானும் ஒண்ணும் சளச்சவன் இல்ல. காலையில நடக்கணும்னு ஷூ வாங்குனேன். ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அதுல புது வாசனை போகல. டீக்குச் சர்க்கரை வேணாம்னு சொன்னேன், மூணாம் நாளே வீட்டுக்காரி என்னக் கேக்காமலே போட ஆரம்பிச்சுட்டா. இனிமே உன்கிட்டக் கத்த மாட்டேன்னு ஒரு தடவ அவகிட்டச் சொன்னேன். அதையும் கத்தித்தான் சொன்னேன். சிரிக்கறீங்களா, சிரிங்க சிரிங்க.

எங்கண்ணனும் இப்படித்தான் தலைய ஆட்டி ஆட்டிச் சிரிப்பான். இதோ, கடைக்கு மேல இருக்கே வீடு, அதுலதான் இருந்தான். காருக்குப் பெயின்ட் அடிக்கற வேலை. அந்த நெடியிலேயே கெடந்து மூச்சிரைப்பு வந்துடுச்சு. வாயில வெச்சு அமுக்கி உறிஞ்சுவாங்களே, அந்த மருந்து எந்நேரமும் சட்டப் பையில இருக்கும். ஆள் தங்கம் சார், குடி ஒண்ணுதான். அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, பொண்ணக் கூட்டிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் தொடாம இருந்து காட்டுங்க, நானே வர்றேன்னு சொல்லிட்டுப் போச்சு.

அன்னிக்கே கீழ எறங்கி வந்தான். டேய், அலமாரியில ரெண்டு பாட்டில் இருக்கு, பூட்ட மாத்திட்டுச் சாவிய நீ வெச்சுக்கடான்னான். கீழ கொட்டித் தொலைக்க வேண்டியதுதானேண்ணேன்னு கேட்டேன். அதெல்லாம் இல்ல, கொட்டுனா போய் வேற வாங்குவேன், அது வீட்டுக்குள்ளயே இருக்கணும், நான் தொடாம இருக்கணும், அதுதான்டா ஜெயிக்கறதுங்கறான். நீங்களும் அதையேதான் சொல்றீங்களா? ஆமா, எல்லாரும் அதையேதான் சொல்வாங்க. நானும் மேல போனேன், புதுப் பூட்டு மாட்டுனேன், இருந்த ஒரே சாவியக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டேன்.

மொத வாரம் ஓடிப் போச்சு. எட்டாம் நாள் மேல தரையத் தட்டுற சத்தம். அவனுக்கு டீ வேணும்னா ரெண்டு தட்டு தட்டுவான், அது வழக்கம். இது மூணு. ஓடிப் போய்ப் பார்த்தா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இரைக்கறான், சாவி சாவிங்கறான். என்னமோ ஏதோன்னு பதறிப் போய்த் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், பாட்டில எடுத்துக்கிட்டு என்னப் பார்த்துக் கண்ணடிச்சான் பாருங்க! என்னமா நடிச்சிருக்கான்! மறுநாள் அவனே வந்து, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே ஸ்டூல்ல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணலாம்டா, இனிமே நான் என்ன நாடகம் ஆடினாலும் மசியாதே, செத்தாலும் குடுக்காதேன்னான். கையில அடிச்சுச் சத்தியம் வாங்குனான்.

மேல ஏதாவது சத்தம் கேட்டுச்சா உங்களுக்கு? இல்லையா? சரி சரி. அங்க இப்ப யாரும் குடியில்ல, நான் வாடகைக்கு விடல.

அப்புறம் இருவத்தாறு நாள் சார். முகத்துல ஒரு தெளிவு வந்துடுச்சு. பொண்ணுகிட்ட தினமும் போன்ல பேசுவான். நடுநடுவுல சாவி கேட்டு மூணு தட்டு வரும். இதோ இந்த ஷட்டர் இழுக்கற கம்பியால நான் சீலிங்குல ஒரே ஒரு தட்டு தட்டுவேன். முடியாதுன்னு அர்த்தம். மேல அவன் சிரிக்கறது இங்க கேக்கும். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாவே ஆயிடுச்சு.

இருவத்தாறாம் நாள் மத்தியானம் ஒரு டிராயர் பூட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். மூணு தட்டு வந்துச்சு. நான் ஒண்ணு தட்டுனேன். மறுபடி மூணு. இன்னும் நாலே நாள்தாண்ணே, பொறுத்துக்கோன்னு கத்திட்டு ஒண்ணு தட்டுனேன். கொஞ்சம் கழிச்சு ரெண்டு. டீ கேக்கறான், கை வேலைய முடிச்சுட்டு வாங்கிட்டுப் போலாம்னு விட்டுட்டேன். அப்புறம் ஒண்ணு, மெதுவா. ஒண்ணுன்னா முடியாதுன்னு அர்த்தம் இல்லையா? அவனே வேணாம்னு சொல்லிட்டான், ஜெயிச்சுட்டான்டா எங்கண்ணன்னு எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு சார்.

போன் பண்ணியிருக்கலாமேங்கறீங்களா? மூச்சே இல்லாதவன் என்னத்தப் பேசுவான்.

டீ கிளாஸோட மேல போனேன். அலமாரிக்கு முன்னாடி தரையில கெடந்தான். கதவுல பெயின்ட் உரியற அளவுக்கு நகக் கீறல். சட்டப் பையில இருந்த மருந்து தீர்ந்திருந்துச்சு. புதுசு உள்ள, மேல் தட்டுல, துணிக்குப் பின்னாடி இருந்துச்சு. அண்ணி எப்பவும் அங்கதான் வைக்குமாம். அவனுக்கே அன்னிக்குத்தான் ஞாபகம் வந்திருக்கும். பூட்டறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாருங்கறதுதான் எங்க தொழில்ல மொதப் பாடம். நான் பாட்டில மட்டும்தான் பார்த்தேன். மிச்சமிருந்த அந்த ஒரு பாட்டில் சீல் உடையாம அப்படியே நின்னுச்சு.

குடிச்சிருந்தாரான்னு டாக்டர் கேட்டாரு. இல்லீங்க, இருவத்தாறு நாளாத் தொடலன்னு சொன்னேன். சொல்றப்போ பெருமையா இருந்துச்சு, அந்த நேரத்துலயும். அண்ணியும் சொன்ன சொல் தவறாம வந்துச்சு, நாலு நாள் முன்னாடியே. அவனத் தூக்கிக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு, தூக்கத்துலயே போயிட்டான்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கேன். இந்தத் தட்டுன விஷயத்த வீட்டுக்காரிகிட்டக்கூட சொன்னதில்ல. நீங்க யாரோ எவரோ, அதனால சொல்ல வாய் வருது.

இந்தாங்க, பூட்டு ஆச்சு. ரெண்டு சாவி, ரெண்டும் உங்களுக்குத்தான். ஒண்ண வேணும்னா வீட்டம்மாகிட்டக் குடுங்க, நீங்க தவிச்சா அவங்க திறந்துடுவாங்க. என்ன நம்பாதீங்க சார். நான் ஆயுசுல கடைசி வரைக்கும் காப்பாத்துன தீர்மானம் அது ஒண்ணுதான்.