இரண்டாவது குழலில் இருந்த தோட்டா

நான் சைவம், சேர். முட்டைகூடத் தொடுவதில்லை. அதனால் தோட்டாவின் விலையைப் பற்றிக் கதைக்க எனக்கு அருகதை இல்லை என்று டெரிக் சொல்லுவார். ஆனால் நாங்கள் இருவரும் அதிகம் கதைத்தது அதைப் பற்றித்தான்.

டெரிக்கின் வீடு கொட்டாஞ்சேனையில். துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணிக் கொடுக்கிற வேலை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக வந்து வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருக்கிறேன். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை. ரயில் போனால் யன்னல் ஆடும். அது போன பிறகு ஒரு சத்தமும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் டெரிக் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். அவருடைய மனைவி பிறிஜெற் எனக்கென்று பன்றி இறைச்சி படாத வேறு சட்டியில் சமைப்பார்.

“சிவா அண்ணே, இது கத்தரிக்காய். பண்டி இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல்ல. நம்பிச் சாப்பிடுங்க.”

மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு கிழமையில் நான் மனிதரோடு இருந்து சாப்பிடுவது அந்த ஒரு நேரம்தான்.

வேட்டைக்குப் போனதும் அதே காரணத்துக்குத்தான். புத்தளத்துக்கு அங்காலே புவாத் என்பவருக்கு வயல் இருக்கிறது. பன்றி வந்தால் வயலை உழுதுவிட்டுப் போகும். அனுமதியோடு அவரிடம் ஒரு இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. டெரிக் சுடுவார். நான் பிளாஸ்கில் தேத்தண்ணி தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பிறகு என்னையும் சுடப் பழக்கினார். இறைச்சியில் பங்கு கேட்காத ஆள் என்று புவாத்துக்கு என்னில் நல்ல விருப்பம்.

தோட்டாக் கதை இதுதான். மலிவான தோட்டாவுக்குள் சின்ன ஈயக்குண்டுகள் இருக்கும். தூரம் போனால் சிதறிவிடும். விலை கூடியதற்குள் ஒரே பெரிய குண்டு. தனியன் என்கிற பெரிய ஆண் பன்றியைக்கூட அது நின்ற இடத்திலேயே விழுத்தும்.

“ஒரே வெடி, மச்சான். விழுந்தது அதுக்கே தெரியக் கூடாது. அதுக்குத்தான் சல்லி குடுக்கிறது,” என்பார் டெரிக்.

“பண்டி என்ன, ரசீது கேக்கப் போகுதே?” என்பேன் நான்.

“மரக்கறி திங்கிற வாய மூடுடா.”

ஒருமுறை மலிவான தோட்டாவால் நான் ஒரு தனியனைக் காயப்படுத்திவிட்டேன். அடுத்த நாள் குளத்துச் சேற்றில் கண்டுபிடித்தோம். தாடை கிழிந்து தொங்கியது. கண் திறந்திருந்தது. காயப்பட்டதை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது என்று டெரிக் அன்றைக்குச் சொன்னார். நான் அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் குழலில் மலிவானது. அதில் விழுந்தால் நல்லது. விழாவிட்டால், முடித்துவிட இரண்டாவது குழலில் விலை கூடியது.

“அப்ப முதல் வெடி என்னத்துக்கு? பண்டிக்குக் குட்மோர்னிங் சொல்லவா?” என்று டெரிக் கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வழியை நான் விடவில்லை.

நீங்கள் விசாரிக்கிற அன்றைக்குப் பின்னேரம் பன்றியைக் கலைத்துவிட டெரிக் பற்றைக்குள் சுற்றிப் போனார். அவர் விசில் அடிக்கும்வரை நான் பொறுத்திருக்க வேண்டும். பற்றை ஆடியது. சுட்டுவிட்டேன். அந்த முதல் வெடி விபத்துத்தான். அதில் நான் மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தோளைப் பிடித்துக்கொண்டு டெரிக் வெளியே வந்தார். சேட்டில் இரத்தம். அவருக்கு நல்ல வலி, சேர். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. காயப்பட்ட மிருகத்துக்குச் செய்வதைத்தான் செய்தேன். டெரிக் சொன்னது சரி. ஒரு முனகல்கூட வரவில்லை. அந்தத் தோட்டா அதன் விலைக்குத் தகும்.

துவக்குத் தவறி இரண்டு குழலும் வெடித்தது என்று முதலில் பொலிசில் சொன்னது பொய். புவாத் வயலின் மற்றப் பக்கத்தில் நின்றவர். ஓடி வந்து, “ரெண்டு வெடிக்கும் இடையில ஒரு பீடி குடிச்சு முடிக்கலாமே, என்ன வாப்பா நடந்த?” என்று கேட்டார். அதை உங்களிடமும் சொல்லியிருக்கிறார். அவரில் எனக்குக் கோபமில்லை. நல்ல மனிதர்.

பெரிய குண்டு ஏன் முதுகால் போனது என்று கேட்கிறீர்கள். அவர் நடந்துகொண்டிருந்தார். வரம்புக்கு அங்காலே ஜீப் நின்றது. சாவி கையில் இருந்தது. காயப்பட்ட பன்றியும் கொஞ்சத் தூரம் நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் அவர் தள்ளாடவில்லை. ஏசிக்கொண்டு போனார்.

“தோள்ல ரெண்டு ஈயம், சாக மாட்டேன். நானே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ இனிமே துவக்கத் தொடாத. ஞாயித்துக்கெழம வீட்டுப் பக்கமும் வராத. போதும்டா ஒன்னோட.”

“கோவத்தில கதைக்காதை, மச்சான்,” என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபம் ஆறினால் அடுத்த கிழமையே கூப்பிட்டிருப்பார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். அவருக்குக் கோபம் நிற்பதில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. வெள்ளவத்தை அறையைத்தான் யோசித்தேன். எழுதிக்கொள்ளுங்கள், சேர். பிழைப்பார் என்று தெரிந்துதான் சுட்டேன். களைப்பாக இருக்கிறது. வாசித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். செத்த வீட்டில் பிறிஜெற் என்னிடம் கேட்டது, “அவருக்கு வலிச்சிச்சா அண்ணே?” என்றுதான். இல்லை என்று சொன்னேன். அது பொய் இல்லை. அது அவருக்குப் பெரிய ஆறுதல். அன்றிலிருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் என்னைக் கூப்பிடுகிறார். டெரிக்கின் கதிரையில் இருக்கச் சொல்கிறார். இருந்து சாப்பிடுகிறேன்.

இதைப் போய் அவரிடம் சொல்லாதீர்கள், சேர். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற மனுஷி. அவர் வேதனைப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.