தேர் வடத்துக்கு வந்தவர்கள்

இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் உரமூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் பக்கத்திலிருந்த உறவுக்காரரிடம் சொன்னார்.

“எங்கூருத் தேருக்கு இந்த வருசம் சண்டை போடக்கூட ஆளில்ல மாப்ளே.”

“வடக்குத்தெருவும் தெக்குத்தெருவும் வடத்துக்கு அடிச்சுக்காம ஒங்கூருத் தேரு நகராதே மச்சான்?”

“அடிச்சுக்கிற வயசுப் பயலுக பூராம் சிங்கப்பூரு, திருப்பூருன்னு போயிட்டானுக. இருந்தவங்க இழுத்தோம். பாதி வழியில தேரு நின்னுபோச்சு. பொழுது சாயிறதுக்குள்ள நிலைக்கு வரலேன்னா ஊருக்கு ஆகாதுன்னு பொம்பளைக அழுக ஆரம்பிச்சிட்டாங்க. அப்பறம் செங்கச்சூளையில வேல பாக்குற ஒரிசாக்காரவங்களக் கூப்பிட்டோம்.”

“போன வருசம் வடத்தத் தொட்டாங்கன்னு அவங்களத்தானே வெரட்டுனீங்க? எந்தத் தெரு வெரட்டுச்சு?”

“ரெண்டு தெருவுந்தான். அதுல மட்டும் ஒத்துமையா இருந்தோம்.”

மாப்பிள்ளை சிரித்தார். “கூப்பிட்டதும் வந்துட்டாங்களாக்கும்?”

“வந்தாங்க. அவங்க ஊருலயும் பெரிய தேரு இருக்காம். செருப்பக் கழட்டிப்போட்டு, வடத்தத் தொட்டுக் கும்பிட்டுத்தான் பிடிச்சாங்க. வெளக்கு வைக்கிறதுக்குள்ள தேரு நிலைக்கு வந்துருச்சு.”

“அப்ப ஒங்கூருச் சண்ட ஓஞ்சுபோச்சு.”

“எங்கிட்டு ஓஞ்சுச்சு? சூளை எங்க தெருக்காரரோடது, அதனால அவங்க வடக்குத்தெருன்னு நாங்க சொல்றோம். வாடகைக்கு இருக்கிறது தெக்குத்தெரு வீடுகள்ல, அவங்க தெக்குத்தெருன்னு அங்கிட்டு சொல்றானுக. இன்னிக்கும் அதுக்குத்தான் ஊர்க்கூட்டம் இருக்கு. நான் வாரேன்.”

நிறுத்தம் வருவதற்கு முன்பே மூட்டையைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போய்விட்டார்.