பதினான்கு புள்ளி இரண்டு டெசிபல்

ஹீட்சிங்க் வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் டெசிபல் எண்ணை நம்பாதீர்கள். அது விற்கிறவன் போட்ட எண். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உங்களுக்கு இந்த விஷயம் பழக்கமில்லை என்று நினைக்கிறேன், மேடம். கம்ப்யூட்டரின் பிராசஸர் வேலை செய்யச் செய்யக் கொதிக்கும். அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சும் உலோகக் கோபுரம்தான் ஹீட்சிங்க். பக்கத்தில் ஒரு விசிறி. விசிறி வேகமாகச் சுற்றினால் குளிரும், ஆனால் இரையும். மெதுவாகச் சுற்றினால் இரைச்சல் இருக்காது, பிராசஸர் வெந்துபோகும். தகடுகளுக்கு நடுவே நல்ல இடைவெளி உள்ளதாக, பெரிய விசிறி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கியதை அளக்க வேண்டும். அளக்க அமைதி வேண்டும்.

இந்த அறையின் ட்யூப்லைட் முப்பத்தொரு டெசிபல் இருக்கும். உங்களுக்குக் கேட்காது. எனக்குக் கேட்கிறது.

பெயர் கர்ட் ஹால்வர்சன். துலூத் நகரத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஆறு வருடமாக வீட்டு நிலவறையில் ஹீட்சிங்க் அளந்து இணையத்தில் எங்கள் குழுவின் பட்டியலில் ஏற்றி வந்தேன். முந்நூறு பேர் கொண்ட குழு. நாற்பத்தொரு ஹீட்சிங்குகள். ஜெர்மனியிலிருந்தெல்லாம் கேட்பார்கள், ‘கர்ட் என்ன சொல்கிறார்?’ என்று.

போன நவம்பருக்கு முந்தின நவம்பரில் டுவேன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவி மார்லிஸின் அண்ணன். முப்பது வருடம் இரும்புத் தாது ஆலைத் தூசியைத் தின்ற நுரையீரல். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. நிலவறைக்கு நேர் மேலே இருக்கும் அறையைக் கொடுத்தோம். புஸ்... டக். புஸ்... டக். இரவும் பகலும்.

எனக்குக் கோபம் வரவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"என்ன மச்சான், இன்னிக்கு எந்த விசிறிக்குப் பிரசவம்?" என்பார் காலைக் காப்பியோடு. அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, "மார்லிஸ், உன் புருஷன் கீழ காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். சத்தமா மூச்சு விட்றாத, கேஸ் போட்டுருவான்."

மார்லிஸ் சிரித்தாள். பதினேழு விநாடி.

மெஷின் ஓடும்போது கடைசி ஒன்பது ஹீட்சிங்குகளை அளந்தேன். அதன் சத்தத்தைக் கழித்துவிட்டுத்தான் எழுதினேன். கழித்ததை வெளியே சொல்லவில்லை. அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஜனவரி பதினொன்றாம் தேதி டுவேன் எங்கள் குழுவில் சேர்ந்தார். மெஷின் சத்தத்தைப் பதிவு செய்து போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: "உங்க கர்ட் அளக்கறது விசிறியை இல்லீங்க, என் மூச்சை."

இருநூற்றுப் பதினாறு சிரிப்பு முகங்கள். எண்ணினேன். பட்டியலைப் பராமரிக்கும் ப்ரூயிட், ஒரேகான்காரர், என் எண்களை அடித்துவிட்டார். ஒன்பதை அல்ல, நாற்பத்தொன்றையும். கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரே ஒரு ஹீட்சிங்கை மறுபடி அளக்க வேண்டும். வெட்டாத, ஒட்டாத முழு ஒலிப்பதிவை ஏற்ற வேண்டும். அது எங்கள் குழுவின் விதி. சரியாக வந்தால் என் பெயர் திரும்பும்.

டுவேனிடம் போய் நின்றேன்.

"தமாஷுக்குப் போட்டேன் மச்சான், மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்க?" என்றார். "அளக்கணும்னா ஒரு வார்த்தை சொல்லு. மெஷினை நிறுத்திட்டு அரை மணி நேரம் ஆக்ஸிஜன் சிலிண்டர்ல இருந்துக்கறேன். செத்தா போயிடப் போறேன்?"

பெரிய மனசு. என் ஆறு வருடத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு அரை மணி நேரம் தருகிறாராம்.

சனிக்கிழமை முழுக்கப் பனி கொட்டியது. புதுப்பனி சத்தத்தைக் குடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பனி அள்ளும் வண்டிகள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. மார்லிஸ் காட்டரிசி வேகவைத்த கேசரோல் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு சர்ச் விருந்துக்கு நடந்து போனாள். டுவேன் கண் அயர்ந்திருந்தார்.

பதினொன்று நாற்பதுக்கு ஃபியூஸ் பெட்டியைத் திறந்து ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். வீட்டைச் சூடாக்கும் அடுப்பை நிறுத்தினேன். மேலறையை நிறுத்தினேன்.

எங்கள் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. ஃப்ரிட்ஜை நிறுத்தினால் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுவோம். சாவியைத் தேடும்போது, மறுபடி போட வேண்டும் என்பது தானாக நினைவுக்கு வரும். அன்றும் வைத்தேன். சாவிக்கொத்து ஒன்றுதான், அதனால் ஃப்ரிட்ஜ் மட்டும் நினைவுக்கு வந்தது, மேலறை மறந்துபோனது. திங்கட்கிழமை இந்த ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னது அதுதான். நீங்களும் தலையாட்டினீர்கள்.

இன்று உங்கள் கையில் வேறு கேள்விகள் இருக்கின்றன. பதில் சொல்கிறேன்.

மின்சாரம் போனால் அலறுவதற்கு அந்த மெஷினுக்குள் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி உண்டு. வெள்ளிக்கிழமை என் சத்தமானியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. மெஷினின் பேட்டரியை எடுத்துச் சத்தமானியில் போட்டேன். இரண்டும் ஒரே அளவு.

சிலிண்டர் காரேஜில் இருந்தது உண்மை. திறந்தால் உஸ்ஸென்று ஊதும். அதுவும் சத்தம்தானே. வியாழக்கிழமையே அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவருடைய போனைச் சமையலறையில் வைத்ததும் நான்தான். அது அதிரும்.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

ஹெட்போன் போட்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். ஹெட்போன் மைக்கோடு இணைந்திருந்தது. எல்லாம் கேட்டது, வெறும் காதில் கேட்பதைவிடத் தெளிவாக. ஆறாவது நிமிடம் டுவேன் கைத்தடியால் தரையைத் தட்டினார். ஏழு முறை. பிறகு மூன்று. பிறகு கட்டை தரையில் உருண்ட மாதிரி ஒரு சத்தம். என் குறிப்பேட்டில் பதினொன்று நாற்பத்தாறு என்பதற்கு எதிரே பாருங்கள்: ‘மேலே தட்டல். சராசரியில் சேர்க்க வேண்டாம்.’ என் கையெழுத்துதான்.

ஃபியூஸ் பெட்டி என் தோளிலிருந்து ஒரு கை தூரம். எட்டிப் போட்டிருக்கலாம். போட்டால் புஸ்... டக். மறுபடியும் முதலிலிருந்து. ஒரு வார்த்தை சொல்லு மச்சான் என்று மறுபடியும் அந்தச் சிரிப்பு.

தட்டல் நிற்கும்வரை காத்திருந்தேன். நின்ற பிறகு இன்னும் இருபது நிமிடம் அளந்தேன். அவ்வளவு அமைதியை அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. ஆமாம், மேடம், தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஃப்ரிட்ஜைப் போட்டேன். உள்ளே பால் இருந்தது.

முழுப் பதிவையும் அன்றே ஏற்றினேன். விதி என்றால் விதி. ப்ரூயிட்டுக்கு நல்ல காது. இரண்டு முறை கேட்டுவிட்டு ஒரேகானிலிருந்து உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பதே பெரிய விஷயம்.

டுவேன்மேலும் கோபமில்லை. அதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் ப்ரூயிட்டிடம் பேசும்போது எனக்காக ஒன்று மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும். தட்டல்களை நீக்கினால் பதினான்கு புள்ளி இரண்டு வரும். பட்டியலில் ஏற்றிவிட்டாரா?