முப்பத்திரண்டு பேய்க்கதைகளுக்கான அனுமதி

டீ நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். எங்கள் கம்பெனியின் செயற்கை நுண்ணறிவு கதை எழுதப் பழகிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் கேட்காமல் கொள்ளாமல் அதற்குள் ஏற்றிவிட்டார்கள். எழுத்தாளர்கள் கேஸ் போட்டார்கள். உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் இனி ஒரு பக்கமும் உள்ளே போகக்கூடாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. அந்தக் கையெழுத்துகளை வாங்கத்தான் என்னை நியமித்தார்கள்.

அப்படி நான் தேடிப் போனவர்களில் ஒரு பல் டாக்டர், முப்பத்திரண்டு பேய்க்கதைகள் எழுதியவர். ஐந்தாவது மாடியில் கிளினிக். ஐந்து தடவை போனேன். சும்மா போய் உட்காருவது மரியாதையில்லை என்று இரண்டு சொத்தைப் பற்களை அடைத்துக்கொண்டேன். ஐந்தாவது தடவை என் வாய்க்குள் கண்ணாடியை விட்டபடியே சொன்னார்:

“ஒவ்வொரு பேயும் நான் பெத்த புள்ள மாதிரி. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் குடுக்க மாட்டேன். போதுமா?”

வாய் திறந்திருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

எங்கள் படிவத்தில் ‘நிபந்தனை’ என்று ஒரு கட்டம் உண்டு. அவர் சொன்னதை அதில் அப்படியே எழுதினேன். மேனேஜர் அதைப் படிக்கவில்லை.

“நிபந்தனைதானே? நிறைவேத்திட்டு ஃபைல முடிங்க” என்றார்.

மறுநாள் மத்தியானம் அங்கே லிஃப்ட் ஓடவில்லை. டாக்டருக்கு முழங்கால் வலி. கையைப் பிடித்துப் பதமாக இறக்கினேன். நான்காவது மாடித் திருப்பத்தில் கையை விட்டேன். லேசாகத் தள்ளவும் செய்தேன்.

உரிமை மகளுக்குப் போனது. துக்க வீட்டில் அவசரப்படக் கூடாது, ஒரு மாதம் கழித்தே போனேன். அந்தப் பெண் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டது.

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா அப்பாகிட்ட பேசி வாங்கிக் குடுத்திருப்பேனே, அங்கிள். இதுக்குப் போயா இவ்வளவு அலைஞ்சீங்க?”

நல்ல பிள்ளை. அன்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு இதே நிபந்தனையைச் சொன்னவர்கள் பன்னிரண்டு பேர். பதினோரு பேருடையதை நிறைவேற்றினேன். பெயர்களை எழுதித் தருகிறேன். மிச்சமிருந்த கவிஞருக்கு வாரிசு இல்லை. அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எழுத்தாளர் சங்கத்தின் புகாரில் ‘திருட்டு’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். அனுமதியில்லாமல் நான் ஒரு வரிகூட எடுத்ததில்லை.